விலை கூடினால் தரமும் கூடுமா? கூடுதல் காசு எங்கே போகிறது என்று பார்க்கும் வழி

ஒரே வேலைக்கான இரண்டு பொருள்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று 100, இன்னொன்று 400. எந்தப் பணத்தில் எண்ணினாலும் குழப்பம் ஒன்றுதான்: வெளிப்பார்வைக்கு இரண்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. “விலை கூடினதை வாங்கினால்தான் உழைக்கும்” என்பார் ஒருவர். “பேருக்குத்தான் காசு, உள்ளே எல்லாம் ஒன்றுதான்” என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் சில பொருள்களில் சரி, சிலவற்றில் தவறு. அதனால் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், அந்தக் கூடுதல் 300 எங்கே போயிருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

ஒரு பகுதி பொருளுக்குள்ளேயே போகும்: நல்ல உலோகம், தடித்த தோல், வெப்பம் தாங்கும் பாகம். ஒரு பகுதி சோதனைக்கும் கழிவுக்கும் போகும். பத்தில் ஒன்றை ஒதுக்கிவிட்டு ஒன்பதை விற்கும் தொழிற்சாலை, ஒதுக்கியதன் செலவையும் அந்த ஒன்பதின் மேல்தான் ஏற்றும். இன்னொரு பகுதி வாங்கிய பிறகு கிடைக்கும் உத்தரவாதம், உதிரி பாகம், பழுது பார்க்கும் ஆள் ஆகியவற்றுக்கு. மிச்சம் விளம்பரம், பெட்டி, பெயர். பெயருக்குப் போகும் காசும் முழுக்க வீண் இல்லை. பெயரைக் காப்பாற்ற வேண்டிய நிறுவனம் மட்டமான சரக்கை விற்கத் தயங்கும். வாங்குபவருக்கு உள்ளே இருப்பது தெரியாத சந்தையில் நல்ல சரக்கை மட்டமான சரக்கு விரட்டிவிடும் என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். பழைய கார் விற்பனைதான் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். உத்தரவாதமும் பெயரும் அந்தச் சிக்கலுக்கு ஓரளவு மருந்து. ஆனால் மொத்த விலையில் பெரும்பங்கு பெயருக்கே போகும்போது வாங்குபவர் ஏமாறுகிறார்.

ஒரு சார்ஜருக்குள் பார்த்தால்

கண்ணுக்குத் தெரியாத தரம் என்றால் என்ன என்பதைக் காட்ட போன் சார்ஜரைவிட நல்ல பொருள் கிடையாது. சுவரில் செருகும் பக்கம் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம். கேபிள் செருகும் பக்கம் 5 வோல்ட்டோ 20 வோல்ட்டோ. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். நல்ல சார்ஜரில் அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். பலகையையே கீறி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். டிரான்ஸ்பார்மரில் மூன்று அடுக்கு உறை போட்ட கம்பி சுற்றியிருக்கும். மின்சாரம் நுழையும் இடத்தில் ஃபியூஸ் இருக்கும். மின் இரைச்சலை வடிகட்டும் கம்பிச்சுருள் இருக்கும். இரு பக்கத்தையும் இணைக்கும், மின்னேற்றம் தேக்கும் சின்ன கெபாசிட்டர் ஒன்று உண்டு. பழுதானால் ஷார்ட் ஆகாமல் இணைப்பு அறுந்துபோகும்படி செய்த பாதுகாப்பு வகையாக அது இருக்க வேண்டும்.

மட்டமான சார்ஜரில் இவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர், ஃபியூஸுக்குப் பதில் ஒரு கம்பித் துண்டு, பாதுகாப்பு கெபாசிட்டருக்குப் பதில் சாதாரணமான ஒன்று. அது ஷார்ட் ஆனால் சுவரின் மின்சாரம் நேராக போனின் உடம்புக்கு வரும். இரைச்சல் சரியாக வடிகட்டப்படவில்லை என்பதைப் பல நேரம் வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம்: சார்ஜ் போட்டபடி போனைத் தொட்டால் திரை தானாகத் தாவும், தொடாத இடத்தில் எழுத்து விழும். அப்படி ஆனால் அந்தச் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். சோதிப்பதற்காக நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் சிறிது நேரம் மின்னேற்றம் நிற்கும்.

ஆயுள் விஷயம் இன்னும் சுவாரசியமானது. சார்ஜர், எல்இடி பல்பு, டிவி போன்றவை பல நேரம் சாவது, உள்ளே திரவம் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வறண்டு போவதால்தான். அதன் மேலேயே வெப்ப அளவு அச்சிட்டிருக்கும்: 85 டிகிரி அல்லது 105 டிகிரி. அந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர் தருவார். பொது விதி, வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். பல்புக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 85 டிகிரிக்கு 1,000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர், 20 டிகிரி குறைவாக ஓடுவதால் 4,000 மணி நேரம் வரும். தினம் 8 மணி நேரம் எரித்தால் 500 நாள். 105 டிகிரிக்கு 2,000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டரோ 40 டிகிரி குறைவாக ஓடுகிறது. 32,000 மணி நேரம், சுமார் 11 ஆண்டு. இரண்டு கெபாசிட்டருக்கும் தயாரிப்புச் செலவில் வித்தியாசம் மிகச் சொற்பம். பொருளின் ஆயுளிலோ எட்டு மடங்கு.

மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்இடி பல்பைப் போட்டால் சீக்கிரம் போய்விடுவதற்கும் இதே கணக்குதான் காரணம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் உழைக்காது.

முதல் படியில் ஏறுவதுதான் லாபம்

மிக மலிவிலிருந்து நடுவிலைக்குப் போகும்போது தரம் பாய்ந்து ஏறும். நடுவிலையிலிருந்து உச்சத்துக்குப் போகும்போது ஊர்ந்து ஏறும். பல பொருள்களுக்குப் பொருந்தும் விதி இது, ஏன் என்று புரிந்துகொள்வதும் எளிது. அடிமட்ட விலையை எட்ட, அவசியமான ஏதோ ஒன்றை எடுத்துவிட்டிருப்பார்கள். அதைத் திரும்ப வைக்க ஆகும் செலவு குறைவு, பலன் பெரிது. உச்சியிலோ எல்லாம் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. மிச்சமிருக்கும் சிறு குறையை நீக்கத்தான் பெரும் செலவு.

வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் இதை எண்ணில் காட்டும். எஸ்பிஎஃப் 15 என்றால் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் சுமார் 93 சதவீதம் தடுக்கும். 30 என்றால் 97. 50 என்றால் 98. இந்த அளவுகள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்தவை. பெரும்பாலானோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. விலை உயர்ந்த டியூபைத் தீர்ந்துவிடுமே என்று பொட்டுப்போலத் தொட்டுப் பூசுபவரைவிட, மலிவான 30ஐ தாராளமாகப் பூசி இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மறுபடி பூசுபவருக்குத்தான் பாதுகாப்பு அதிகம். தரம் பொருளில் மட்டும் இல்லை, பயன்படுத்தும் விதத்திலும் இருக்கிறது.

கத்தியும் அப்படித்தான். மலிவான சமையலறைக் கத்தியின் எஃகு ராக்வெல் அளவில் 52 முதல் 54 வரை கடினம் இருக்கும். கூர்மை சீக்கிரம் மடங்கும். 56 முதல் 58 வரை போனால் வித்தியாசம் கையிலேயே தெரியும். 60க்கு மேல் போனால் கூர்மை நீண்ட நாள் நிற்கும், ஆனால் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். எலும்பில் பட்டாலோ பக்கவாட்டில் திருகினாலோ விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். ஆக, உச்ச விலைக் கத்தி மேலான கத்தி என்பதைவிட வேறுவகைக் கத்தி என்பது பொருத்தம். அதைப் பேணத் தெரிந்தவர் கையில்தான் அது காசுக்கு உழைக்கும். இங்கே அடித்துச் சொல்லலாம்: நடுத்தரக் கத்தி ஒன்றும் 1000 எண் சாணைக்கல் ஒன்றும் வாங்குங்கள். சாணை பிடிக்காத உயர்ந்த கத்தி சில மாதத்தில் மலிவுக் கத்தியாகிவிடும்.

ஒரு மாத உபயோகத்துக்கு எவ்வளவு?

விலையை, பொருள் உழைக்கும் காலத்தால் வகுத்துப் பார்ப்பது பழைய கணக்கு. காலணியை எடுத்துக்கொள்வோம். 100 விலையுள்ள ஜோடி தினசரி உபயோகத்தில் 8 மாதம் வருகிறது என்றால் மாதத்துக்கு 12.5. 300 விலையுள்ள ஜோடி 3 ஆண்டு வந்தால் மாதத்துக்கு 8.3. அந்த 300 ஜோடியில் அடிப்பாகமான சோலைத் தைத்துப் பிடித்திருந்தால், தேய்ந்த பிறகு 60 செலவழித்து புது சோல் போட்டு இன்னும் 2 ஆண்டு ஓட்டலாம். மாதத்துக்கு 6 என்று இறங்கிவிடும். ஒட்டுப் பசையால் மட்டும் பிடித்த சோலைச் சுத்தமாகக் கழற்றி மாற்றுவது கடினம். மேல்தோலையும் சோலையும் நடுவில் ஒரு தோல் பட்டையோடு சேர்த்துத் தைக்கும் முறைக்கு குட்இயர் வெல்ட் என்று பெயர். காலணியின் விளிம்பைச் சுற்றி ஓடும் தையல் அதன் அடையாளம். ஆனால் அலங்காரத்துக்காக அச்சுத் தையலை ஒட்டிவிடுவதும் உண்டு. அடிப்பக்கத்தைப் பார்த்து, நூல் உண்மையில் சோல் வழியாக ஏறி இறங்குகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும்.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும். 900 விலையுள்ள ஜோடி அந்த 8.3ஐ எட்ட 9 ஆண்டு உழைக்க வேண்டும். பெரும்பாலான காலுக்கு அது நடக்காது. அளவு மாறும், தேவை மாறும். “ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும்” என்ற பேச்சில் விழுவதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்யுங்கள். அலமாரியில் பத்திரமாக வைத்தால் ஆயுள் கூடும் என்பதும் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் செய்த சோல், அதே பிளாஸ்டிக் பூசிய செயற்கைத் தோல் ஆகியவை காற்றிலுள்ள ஈரத்தால் தாமாகவே சிதையும். ஒருமுறைகூடப் போடாமல் வைத்திருந்த நல்ல காலணி சில ஆண்டு கழித்துப் போட்ட அன்றே அடிபிய்ந்து உதிர்வதற்கு இதுதான் காரணம். அபூர்வமாகப் பயன்படுத்தும் பொருளுக்குப் பெரிய விலை கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

வாங்கும் விலை மட்டுமே விலை என்று நினைப்பதும் தவறு. 75 வாட் மின்விசிறிக்குப் பதில் பிஎல்டிசி என்ற பிரஷ் இல்லாத மோட்டார் உள்ள 30 வாட் விசிறியை தினம் 12 மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு 197 யூனிட் மின்சாரம் மிச்சம். உங்கள் யூனிட் விலையால் அதைப் பெருக்கினால், கூடுதலாகக் கொடுத்த பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று தெரிந்துவிடும். பிரிண்டரில் இது தலைகீழாக நடக்கும்: மெஷின் மலிவு, மை கொள்ளை விலை. பிரிண்டர் 100, 150 பக்கம் வரும் கார்ட்ரிட்ஜ் 30 என்றால் பக்கத்துக்கு 0.2 ஆகிறது. மைத்தொட்டி வைத்த பிரிண்டர் 250 ஆனாலும் பக்கத்துக்கு 0.002தான் ஆகும் என்றால் சுமார் 760 பக்கத்தில் இரண்டும் சமம், அதற்கு மேல் எல்லாம் லாபம். மாதத்துக்கு நாலு பக்கம் எடுப்பவருக்கு இரண்டுமே வேண்டாம். மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். காயாத பொடியில் ஓடும் லேசர் பிரிண்டர்தான் அவருக்குச் சரி.

மலிவானதே போதும் என்கிற இடங்கள்

டிஜிட்டல் கேபிளில் விலைக்கும் படத்தின் அழகுக்கும் தொடர்பு கிடையாது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் போவது பூஜ்யமும் ஒன்றும். அவை சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும். சேராவிட்டால் திரையில் பொறிபோலப் புள்ளிகள் மின்னும் அல்லது படம் விட்டுவிட்டுக் கருக்கும். “நிறம் கொஞ்சம் கூடுதல் செழிப்பு” என்ற இடைநிலை இல்லை. தங்கமுலாம் துருவைத் தடுக்கும், படத்தை மாற்றாது. பார்க்க வேண்டியது நொடிக்கு எத்தனை கிகாபிட் தாங்கும் என்ற சான்று: பிரீமியம் ஹை ஸ்பீடு 18, அல்ட்ரா ஹை ஸ்பீடு 48. யூஎஸ்பி சி கேபிளிலும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே அடையாளச் சில்லு இல்லாத கேபிள் 3 ஆம்பியருக்கு மேல் தராது, அதாவது 60 வாட்தான் உச்சம். லேப்டாப்புக்கு 100 வாட் வேண்டுமென்றால் சில்லு உள்ள கேபிள் வேண்டும். சார்ஜுக்கு என்று விற்கும் கேபிள்கள் பலவற்றில் தரவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட்தான். வெளி ஹார்டு டிஸ்க் ஆமை வேகத்தில் ஓடினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் மலிவான கார்பன் செல் போதும். அவை இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. மோட்டார் ஓடும் பொம்மைக்கும் கேமரா ஃபிளாஷுக்கும் கார்பன் செல் போட்டால் சட்டென்று உட்கார்ந்துவிடும்; அங்கே ஆல்கலைன், அல்லது நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்.

மருந்து விஷயத்தில் நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பொதுப்பெயரில் விற்கும் ஜெனரிக் மருந்து, அசல் மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டுத்தான் அனுமதி பெறுகிறது. ரத்தத்தில் சேரும் அளவின் விகிதமும் அதன் 90 சதவீத நம்பக வரம்பும் (சோதனையின் தற்செயல் பிழைக்கு இடம்விட்ட வரம்பு) சேர்ந்து 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் நடுவில் அடங்க வேண்டும் என்பது பரவலான விதி. மருந்தில் 20 சதவீதம் குறைவாக இருக்கலாம் என்று இதைத் தப்பாகப் படிக்கிறார்கள். வரம்பு முழுவதும் உள்ளே அடங்க வேண்டுமென்றால் சராசரி 100க்கு வெகு அருகில் இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2,070 சோதனைகளைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட கணக்கில், உடலில் சேர்ந்த மொத்த அளவின் சராசரி வேறுபாடு சுமார் 3.5 சதவீதம்தான். விதிவிலக்கு உண்டு: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், தைராய்டுக்கான லெவோதைராக்சின் போன்றவற்றில் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தொல்லை. இவற்றில் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டே மாற வேண்டும்.

நாக்கும் காதும் விலையைக் கேட்டுத்தான் சொல்லும்

விலை தெரிந்துவிட்டால் நம் புலன்கள் நேர்மையாக வேலை செய்வதில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் 20 பேருக்கு ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடுதலாகச் சொன்னபோது சுவை கூடுதல் என்றார்கள். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியின் இயக்கமும் ஸ்கேனில் கூடியே இருந்தது. பொய் சொல்லவில்லை, அப்படியே உணர்ந்தார்கள். 2010இல் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களுக்கு மங்கலான வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை; மற்ற மூன்றும் இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி குடும்பத்துப் பட்டறைகளில் செய்த பழம்பெரும் வயலின்கள். அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின். கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கு. வாழ்நாளெல்லாம் காதைத் தீட்டிய கலைஞர்களுக்கே இந்த நிலை.

வித்தியாசம் உண்மையில் தெரிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். மூன்று ஒரே மாதிரிக் கோப்பைகள் எடுங்கள். இரண்டில் ஒரு பொருள், ஒன்றில் மற்றது. ஊற்றுவது இன்னொருவர் வேலை, எந்தக் கோப்பையில் எது என்று அவர் குறித்துவைத்துக்கொள்வார், பரிமாறும்போது அந்த இடத்தில் இருக்கக் கூடாது. எது வேறுபட்டது என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். ஆறு முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் வரிசையை மாற்றி. குருட்டாம்போக்கில் சொன்னாலே இரண்டு முறை சரியாக வரும். ஐந்தோ ஆறோ சரியென்றால் உங்களுக்கு வித்தியாசம் தெரிகிறது என்று கொள்ளலாம். குருட்டு அதிர்ஷ்டத்தில் அது நடக்க நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. நான்கு சரி என்பது போதாது. கோப்பைகளின் வெப்பம் ஒன்றாக இருக்க வேண்டும், நிறம் காட்டிக்கொடுத்தால் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஹெட்போனோ ஸ்பீக்கரோ ஒப்பிடுவதாக இருந்தால் ஒலி அளவைச் சமப்படுத்துங்கள், கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் மேலானதாகவே தோன்றும்.

பெட்டியின் மேல் எழுதிய எண்கள்

மலிவுப் பொருள், விலை உயர்ந்ததைப்போல வேடம் போடுவது எண்ணில்தான். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 லித்தியம் செல்லில் நல்ல நிறுவனங்களின் சரக்கே வழக்கமாக 3,500 மில்லிஆம்பியர் மணியை ஒட்டித்தான் நிற்கும். அதன் மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால் பொய். ஸ்பீக்கரில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கான வாட் போட்டிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை; தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். படுக்கை விரிப்பில் நூல் எண்ணிக்கை 1000 என்றால், இரண்டு மூன்று புரி சேர்ந்த நூலின் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். ஒற்றை நூலில் நெய்த நல்ல பருத்தி 200 முதல் 400க்குள்ளேயே சிறப்பாக இருக்கும். பாண்டட் லெதர் என்றால் தோல் தூளைப் பசையில் குழைத்த தகடு. தொலைநோக்கிப் பெட்டியில் 500 மடங்கு பெரிதாக்கும் என்று இருந்தால் நகர்ந்துவிடுங்கள்: முன்கண்ணாடியின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே பயனுள்ள உச்சம், 60 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 120. மெமரி கார்டு போலியாக இருந்தால் 256 ஜிபி என்று காட்டிக்கொண்டு 16 ஜிபிதான் தாங்கும், மிச்சமெல்லாம் அழியும். வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்க்க வேண்டும்.

தங்க நிற டிரில் பிட்டும் இந்த வகையில் சேர்த்தி. அந்த நிறம் சில மைக்ரான் தடிமனுள்ள டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. நல்ல எஃகின் மேல் பூசினால் பலன் உண்டு, மட்டமான எஃகின் மேல் பூசினால் வெறும் சாயம். மேலும் ஒருமுறை தீட்டினாலே நுனியில் பூச்சு போய்விடும். துருப்பிடிக்காத எஃகைத் துளைக்க வேண்டுமென்றால் எஃகிலேயே 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 பிட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். மரத்துக்கு அது தேவையே இல்லை.

“ஒரே தொழிற்சாலையில்தான் இரண்டும் தயாராகிறது” என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கலாம். பல நேரம் அது உண்மை. ஆனால் ஒரே வரிசையில் வரும் எல்இடி சில்லுகளை நிறத்தாலும் பிரகாசத்தாலும் சலித்துத் தொகுதி பிரித்துத்தான் விற்பார்கள். குறுகிய தொகுதிக்கு விலை அதிகம். கலவையாக வந்தது மலிவு; ஒரே அறையில் நாலு பல்பு நாலு வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். தொழிற்சாலை ஒன்று என்பதால் சரக்கும் ஒன்றாகிவிடாது.

பழுதானால் யாருக்கு அடி?

மலிவா உயர்வா என்பதில் எல்லாக் கணக்கையும் தள்ளிவிட்டு முதலில் கேட்க வேண்டியது: இது பழுதானால் என்ன ஆகும்? தேநீர்க் கோப்பை உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். பிரேக் பேடு, டயர், ஹெல்மெட், கேஸ் குழாய், மின் பிரேக்கர், ஏணி ஆகியவை பழுதானால் அடிபடுவது உடம்பு. இவற்றில் சான்று இல்லாத சரக்கைத் தொடவே கூடாது. அதே சமயம், சான்று பெற்ற பிறகு விலையோடு பாதுகாப்பும் அதே வேகத்தில் ஏறும் என்று நினைக்க வேண்டாம். ஹெல்மெட்டில் உயிர் காப்பது, மோதலில் நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்கும் தெர்மாகோல் போன்ற நுரை. சான்று பெற்ற நடுவிலை ஹெல்மெட்டிலும் அது இருக்கிறது. உச்ச விலைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி எடைக் குறைவு, காற்றோட்டம், அமைதி. தலையில் பொருந்துவதுதான் இதில் தலையாயது: வாரை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் கன்னத்துச் சதை கூடவே நகர வேண்டும், ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அளவு பெரிது. ஒருமுறை பலமாக மோதியதும் நுரை நசுங்கிவிடும், மேலே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும்.

கடையில் நின்றபடியே சில விஷயங்களைக் கையால் சோதிக்கலாம். பையின் ஜிப்பை மூலைவளைவில் பத்து முறை இழுங்கள். பிசகுவது முதலில் அங்கேதான். கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் பெட்டிபோட்டுக் குறுக்குத் தையல் இருக்கிறதா பாருங்கள். அலமாரிக் கதவைத் திறந்து கீல் பூட்டிய விளிம்பைப் பாருங்கள்: மரத்தூளை அழுத்திய பார்ட்டிகிள் போர்டில் திருகு ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது, பிளைவுட்டில் பிடிக்கும். வீடு மாறும்போது கழற்றி மாட்ட வேண்டிய சாமானில் இது பெரிய வித்தியாசம். மோட்டார் உள்ள பொருளென்றால் கார்பன் பிரஷ், பெல்ட், பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். “அதெல்லாம் கிடைக்காது, புதுசே வாங்கிக்கலாம்” என்ற பதில் வந்தால், அந்த விலையை ஒருமுறை செலவாகவே வைத்துக் கணக்கிடுங்கள்.

புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்பவர் என்ன செய்வது? கருவிகளில் முதலில் மலிவானதை வாங்கி, எது தேய்கிறதோ உடைகிறதோ அதை மட்டும் அடுத்த முறை நல்லதாக வாங்குவது சிக்கனமான வழி. அடிக்கடி கைக்கு வருவது எது என்று அப்போதுதான் தெரியும். இசைக்கருவியிலும் தொலைநோக்கியிலும் இந்த வழி உதவாது. தந்தி பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கும் கிதாரில் விரல் வலிக்கும், சுருதி பிசகும், தொடங்கியவர் தன்னால் முடியாது என்று விட்டுவிடுவார். தாங்கி ஆடும் தொலைநோக்கியில் நிலவுகூட நிற்காது. இவற்றில் நடுத்தரமானதைப் பழையதாக வாங்குவது, புதிய மட்டமானதைவிட நல்லது. நல்ல உலோகக் கருவி, கெட்டி மரச் சாமான், வாத்தியம் ஆகியவற்றைப் பழையதாக வாங்கத் தயங்க வேண்டாம். ஹெல்மெட்டையும் டயரையும் பழையதாக வாங்கவே வேண்டாம். கட்டாயம் வந்தால் டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. மேற்பரப்பின் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயர் ஈரத் தரையில் பிடிக்காது.